இருட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பென்சில்வேனியாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பாட்டர் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை மற்ற ஊர்களைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே மட்டும் போகலாம். 2009 முதல் வருடத்துக்கு ஒரு முறையாவது நானும் கணவரும் மகளும் அங்கே கூடாரம் போடுகிறோம். கீழே இருப்பதெல்லாம் அந்தப் பழக்கத்தில் சொல்வது.

கேள்வி: அக்கா, நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஆறு வயதும். இதுவரை யாருமே கூடாரத்தில் படுத்ததில்லை. பாட்டர் கவுண்டியில் ஏழெட்டு ஸ்டேட் பார்க் இருக்கிறதே, முதலில் எதற்குப் போவது? அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? (ஒரு வாசகி, எடிசன்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். உங்கள் எடிசனில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். பாட்டர் கவுண்டி பரப்பில் எடிசனைப் போல முப்பது மடங்குக்கு மேல் பெரியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 16,396 பேர். மீதி இடமெல்லாம் காடு, ஓடை, மலைச்சரிவு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் காரில் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

முதல் முறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓலே புல் ஸ்டேட் பார்க்குக்குப் போங்கள். 132 ஏக்கர்தான், சின்னது. கெட்டில் கிரீக் என்ற ஓடை பார்க்கின் நடுவே ஓடுகிறது. வெந்நீர்க் குளியலறை இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுடன் முதல் இரவு கழிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று போனால்தான் தெரியும். கோடையில் ஓடையைத் தடுத்து நீந்துவதற்கு இடம் விட்டிருப்பார்கள். காவலுக்கு ஆள் நிற்பதில்லை, அதனால் ஆறு வயதுக் குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

பார்க்கின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஓலே புல் நார்வே நாட்டு வயலின் கலைஞர். 1852இல் இந்த மலைக்காட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கி, தன் நாட்டு மக்களுக்கு ஒரு புதிய ஊர் அமைக்கப் பார்த்தார். பள்ளத்தாக்கு குறுகல், சரிவு செங்குத்து, குளிர்காலம் கொடியது. ஏர் பூட்ட முடியாத நிலத்தில் எத்தனை நாள் காலம் தள்ள முடியும்? ஓராண்டு அளவிலேயே முயற்சி முறிந்து ஆட்கள் மேற்கே போய்விட்டார்கள். அவர் வீடு கட்டத் தொடங்கிய மேட்டுக்கு ஏறிப் போக ஒரு பாதை இருக்கிறது. என் மகளுக்கு எட்டு வயதில் அந்த மேட்டில் நின்று இந்தக் கதையைச் சொன்னேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்னும் அந்தப் பாதையில்தான் முதலில் ஏறுகிறாள்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. கூடாரம் போடும் இடத்துக்கு மட்டும் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். பதினோரு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். நீண்ட வார இறுதிகள் சீக்கிரம் போய்விடும். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத ஒரு ஜூலை மாதச் செவ்வாய், புதன் பாருங்கள், நல்ல இடமாகக் கிடைக்கும். இரண்டு இரவு போதும்.

கேள்வி: பாட்டர் கவுண்டியில் உள்ள செர்ரி ஸ்பிரிங்ஸ் ஸ்டேட் பார்க்கில் பால்வீதி தெரியும் என்று எல்லாரும் சொன்னதை நம்பி மூன்று நண்பர்களுடன் போனேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு. ஊரில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் நட்சத்திரம், அவ்வளவுதான். போனில் டார்ச் அடித்து நடந்ததற்கு ஒருவர் சத்தம் போட்டார். இதில் என்ன தவறு? (ஒரு வாசகர், ஹாரிஸ்பர்க்)

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போய் நிலாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இதற்குத் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. அம்மா ஊரிலிருந்து அனுப்பும் தினசரிக் காலண்டர் வீட்டில் மாட்டியிருந்தால் போதும். அமாவாசையையும் அதற்கு முன்பின் நாலைந்து நாட்களையும் பாருங்கள். அப்புறம் மேகம். அந்தப் பீடபூமியில் மேகம் மூடுவது சாதாரணம். இருட்டும் தெளிவும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று மணிவாரியாகக் காட்டும் ‘கிளியர் ஸ்கை சார்ட்’ வரைபடத்தை முந்தின நாள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜூனில் உண்மையான இருட்டு வர இரவு பதினொரு மணி ஆகிவிடும். செப்டம்பர் கடைசியில் எட்டரைக்கெல்லாம் வந்துவிடும், பால்வீதி தலைக்கு மேலிருந்து தென்மேற்கே இறங்கிக் கிடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு செப்டம்பர் அமாவாசைதான் என் சிபாரிசு.

செர்ரி ஸ்பிரிங்ஸ் ஏன் அவ்வளவு இருட்டு என்று கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் அந்த மனிதர் ஏன் சத்தம் போட்டார் என்று புரியும். அது 2,300 அடி உயரத்தில், மலையின் உச்சித் தட்டில் இருக்கிறது. சுற்றிலும் சஸ்குஹானக் ஸ்டேட் ஃபாரஸ்ட், 2,62,000 ஏக்கர். பக்கத்து ஊர்களெல்லாம் பள்ளத்தாக்குகளுக்குள் இருப்பதால் அவற்றின் விளக்கொளியை மலைகளே மறைத்துவிடுகின்றன. மீதியை மனிதர்கள் செய்தார்கள்: பார்க்கின் விளக்குகளைக் கீழே மட்டும் பார்க்கும்படி மாற்றினார்கள், சிவப்பாக்கினார்கள். 2008இல் அது சர்வதேச இருண்ட வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உலகிலேயே அந்தப் பெயர் பெற்ற இரண்டாவது இடம்.

நம் கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்த அரை மணி நேரமும் வீண், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு ஒளி அந்த அளவுக்குக் கெடுக்காது, அதனால்தான் சிவப்பை மட்டும் அனுமதிக்கிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனதில் உறுத்துகிறது. முதல் தடவை போனபோது, மகளுக்கு ஸ்வெட்டர் எடுக்கக் கார்க் கதவைத் திறந்தேன். உள்விளக்கு எரிந்தது. அப்புறம் பூட்டுகிறேன் என்று பொத்தானை அழுத்த, முன்விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. சுற்றிலும் எத்தனையோ பேர் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். ஒரு முதியவர் பக்கத்தில் வந்து, “நான் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறேன் அம்மா. படம் எடுத்துக்கொண்டிருந்தேன்” என்று மட்டும் சொன்னார். கோபமே இல்லை. அவர் எங்கள் காரின் உள்விளக்கை எப்படி அணைத்துவைப்பது என்று காட்டிக்கொடுத்து, ஒரு சிவப்பு செலோஃபேன் தாளும் கொடுத்தார். அதே இரவில் தன் தொலைநோக்கியில் என் மகளுக்குச் சனிக்கோளின் வளையத்தையும் காட்டினார்.

எனவே தம்பி, அங்கே இருட்டு எல்லாருக்கும் பொது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. ஒருவர் கலக்கினால் எல்லாருக்கும் கலங்கல். நீங்கள் அடுத்த முறை போகும்போது வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியுடன் உட்காருகிறவர்களுக்கு ஒரு மைதானம் இருக்கிறது, அதற்குப் பதிவு வேண்டும். சும்மா பார்க்க வருகிறவர்களுக்கு 44ஆம் எண் சாலைக்கு எதிர்ப்புறம் பொதுப் பார்வையிடம் இருக்கிறது, இலவசம். நீங்கள் அங்கே போங்கள். போனைப் பையில் போட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுங்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு தெரியும்.

கேள்வி: சாப்பாடு என்ன கொண்டுபோவது? கரடி இருக்கிறதாமே? (ஒரு வாசகர், பிரின்ஸ்டன்)

பதில்: கருங்கரடி உண்டு. நான் இத்தனை வருடத்தில் மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்றும் அது ஓடும்போது. அதற்கு நம்மேல் ஆசை இல்லை, நம் சாப்பாட்டின்மேல்தான். நல்லெண்ணெய் மணக்கும் புளியோதரையைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். சாப்பாடு, கூலர், பற்பசை, குழந்தையின் பிஸ்கட், வாசனை சோப்பு எல்லாம் இரவில் காருக்குள், கண்ணாடி ஏற்றி. மேசையில் சிந்திய பருக்கையைத் துடைத்துவிடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடிநீர்க் குழாயடியில் கொட்டாதீர்கள், ஓடையிலும் கொட்டாதீர்கள். அதற்கென்று இடம் காட்டுவார்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிட நேர்கிறது. நம் சோம்பலுக்கு அது உயிரைக் கொடுக்கக் கூடாது.

எங்கள் பழக்கம் இது: முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை, உருளைக்கிழங்கு. இரவுக்குத் தோசைக்கல், வீட்டிலேயே புளிக்கவைத்து கூலரில் எடுத்துவந்த மாவு. அங்கே போய்ப் புளிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள், ஜூலை இரவிலும் பத்து டிகிரிக்கு இறங்கும், மாவு அப்படியே கிடக்கும். அதே காரணத்தால் ஆட்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஸ்லீப்பிங் பேக் நல்லதாக வாங்கிவிட்டு அடியில் ஜமக்காளத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பலர். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். அடியில் போடும் மெத்தைக்குச் செலவழியுங்கள்.

விறகு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோகவே கூடாது. அங்கேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத வண்டு விறகுக்குள் ஒளிந்துதான் ஊர் ஊராகப் பயணம் செய்தது. நியூ ஜெர்சிக்காரர்கள் கிளம்பும் முன் காரின் அடிப்பகுதியையும் கூடாரப் பையையும் ஒரு முறை பாருங்கள், காய்ந்த சேறு அப்பியது போல இருந்தால் அது மரங்களைக் கெடுக்கும் லாண்டர்ன்ஃப்ளை என்ற பூச்சியின் முட்டையாக இருக்கலாம். சுரண்டி அழித்துவிடுங்கள்.

கேள்வி: அத்தை, எனக்கு 12 வயது. பாட்டர் கவுண்டியில் இருப்பது உண்மையான பழங்காடு இல்லை, மரங்களுக்கெல்லாம் நூறு சொச்சம் வயதுதான் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அப்படியா? (ஒரு சிறுமி, பிட்ஸ்பர்க்)

பதில்: உன் ஆசிரியர் சொன்னது பெரும்பாலும் சரி கண்ணா. இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி உன்னுடையது.

நான் பிறந்தது வாணியம்பாடி. தோல் பதனிடும் ஊர். என் தாத்தா காலத்தில் ஆவாரம் பட்டையை ஊறவைத்த தண்ணீரில்தான் தோலைப் பதனிடுவார்கள். பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து தோலை அழுகாமல் காக்கும். சின்ன வயதில் அந்த வாசனையிலேயே வளர்ந்தவள் நான். பாட்டர் கவுண்டியில் மரத்தொழில் அருங்காட்சியகத்துக்கு முதல் முறை போனபோது, அங்கே ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் பட்டையைப் பற்றிப் படித்தேன். அதே துவர்ப்பு, அதே தோல் தொழில். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

நம் ஊரில் ஆவாரை ஒரு செடி, வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஹெம்லாக் அப்படியில்லை. நூற்றுக்கணக்கான வருடம் வளர்ந்த மரம். முதலில் கப்பல் பாய்மரத்துக்கும் வீட்டுக்கும் வெள்ளைப் பைன் மரங்களை வெட்டினார்கள். பிறகு ஹெம்லாக். காட்டுக்குள்ளேயே ரயில் தண்டவாளம் போட்டார்கள். 1920க்குள் மலை மலையாக மொட்டை. காய்ந்த கிளைகளில் ரயில் எஞ்சினின் பொறி விழுந்து தீப்பிடிக்கும். ‘பென்சில்வேனியாப் பாலைவனம்’ என்றே அந்த நிலத்துக்குப் பெயர் வந்தது. யாருக்கும் வேண்டாத அந்த மொட்டை நிலத்தை மாநில அரசு வாங்கிச் சேர்த்தது. 1933இல் நாடே வேலையில்லாமல் தவித்தபோது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு இளைஞர்களை முகாம்களில் சேர்த்து மரம் நடவும் பாதை போடவும் வைத்தது. செர்ரி ஸ்பிரிங்ஸில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது, அது அவர்கள் கட்டியது. போனால் அந்தக் கட்டைகளைத் தொட்டுப் பார்.

இன்னொன்று. பார்க்குக்குப் பெயர் கொடுத்த கருஞ்செர்ரி மரத்துக்கு நிழல் பிடிக்காது, வெயில் வேண்டும். பெரிய மரங்கள் போன பிறகு திறந்த வெளியில் அது செழித்து வளர்ந்தது. அதனால் இன்று நீ பார்க்கும் காடு பழைய காட்டின் நகல் இல்லை, வேறு ஒரு காடு. என்றாலும் உண்மையான காடுதான். அதில் பாப்கேட் என்ற காட்டுப்பூனை இருக்கிறது, ஆந்தை இருக்கிறது, ஓடைகளில் ட்ரவுட் மீன் திரும்பி வந்திருக்கிறது.

அப்பா அம்மாவிடம் சொல்லி ஆஸ்டின் அணைக்கும் கூட்டிப்போகச் சொல். காகித ஆலைக்காக 1909இல் கட்டிய கான்கிரீட் அணை அது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே வளைந்து விரிசல் கண்டது. சரியாகச் செப்பனிடாமல் மறுபடி நீரைத் தேக்கினார்கள். 1911 செப்டம்பர் 30 அன்று உடைந்து, கீழே இருந்த ஆஸ்டின் ஊரில் 78 பேர் இறந்தார்கள். உடைந்த சுவர்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. வீட்டைவிட உயரம். பக்கத்தில் போனால் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

கேள்வி: போன் சிக்னல், மீன்பிடிப்பு, உண்ணி பற்றி ஒரு வார்த்தை? (பலர்)

பதில்: சிக்னல் பெரும்பாலும் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கவுடர்ஸ்போர்ட்டிலோ கேல்ட்டனிலோ பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். மாலைக்குப் பிறகு மெதுவாக ஓட்டுங்கள், மான் குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடிக்க உரிமம் வேண்டும், ட்ரவுட்டுக்குத் தனி அனுமதியும் சேர்த்து.

உண்ணியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் பென்சில்வேனியாவில் மிக அதிகம். மே முதல் ஜூலை வரை இளம் உண்ணி கசகசா அளவில்தான் இருக்கும். முழுக்கால் பேன்ட், அதன் நுனி சாக்ஸுக்குள். ராத்திரி படுக்கும் முன் பிள்ளைகளின் காது மடல், அக்குள், முழங்கால் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து ஜூன் கடைசியில் வருகிறார்கள். அப்பாவுக்கு 70, முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா? அம்மா, “நம்ம ஊரில் இல்லாத வானமா அங்கே இருக்கிறது?” என்கிறார். (ஒரு வாசகி, ஃபிலடெல்ஃபியா)

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் செர்ரி ஸ்பிரிங்ஸில் தங்கவைக்காதீர்கள். அங்கே குளியலறை இல்லை, குழிக் கழிப்பறைதான், முழங்கால் வலிக்காரருக்கு இருட்டில் சிரமம். ஓலே புல்லில் வாடகைக்கு ஒரு மரவீடு இருக்கிறது, கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கவுடர்ஸ்போர்ட்டில் அறை எடுங்கள், அங்கே மருத்துவமனையும் இருக்கிறது. பகலில் லைமன் ரன் ஏரிக்கரையில் உட்காரவையுங்கள். 45 ஏக்கர் ஏரி, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அதிகம் நடக்க வேண்டாம். ராத்திரி பொதுப் பார்வையிடத்துக்குக் கைவைத்த மடக்கு நாற்காலி இரண்டும் கம்பளியும் எடுத்துப் போங்கள். மதுரைக்காரர்களுக்கு அது மார்கழியைவிடக் குளிர்.

வானத்தைப் பற்றி அம்மா கேட்டது நல்ல கேள்வி. வானம் ஒன்றுதான், ஆனால் அங்கிருந்து பார்த்தால் சாய்ந்து கிடக்கும். மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கும், தூசியும் கட்டடங்களும் மறைத்துவிடும். அங்கே ஏறக்குறைய 42 டிகிரி, நிமிர்ந்து பார்க்கும் உயரம். சப்தரிஷி மண்டலமும் அப்படியே. கல்யாணத்தன்று ஐயர் கைகாட்டிய திசையில் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள்தானே நாம் எல்லாரும்? என் மாமியார் கோவில்பட்டிக்காரர். 71 வயதில் அங்கே உட்கார்ந்து வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததியை வெறுங்கண்ணால் பார்த்தார். “இத்தனை வருஷமா இது இங்கேயேதான் இருந்துச்சா?” என்றார். மாமா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. பிறகு நெடுநேரம் பேசவில்லை.

தெற்கே கேட்டை நட்சத்திரம் சிவப்பாகத் தெரியும், ஆனால் தாழ்வாக. விருச்சிகத்தின் வால், அதாவது மூலம், நள்ளிரவை ஒட்டி மரங்களின் உச்சியை உரசிக்கொண்டு போகும். மதுரையில் அது நடுவானத்தில் பாதி ஏறி நிற்கும். தென்வானத்து நட்சத்திரமான அகத்தியர் அங்கே எந்த மாதத்திலும் உதிப்பதில்லை, அடிவானத்துக்குக் கீழேயே தங்கிவிடுகிறார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு தை, மாசி இரவுகளில் மொட்டைமாடிக்கு ஏறித் தெற்கே பார்த்தால் அவர் தெரிவார். அப்போது உங்களுக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.